ஈரம் பட்ட உறை

எனக்கு மழைக்காலம் பிடிக்காது. சுவரெல்லாம் ஓதம் ஏறும். தடயவியல் ஆய்வகத்தின் கிடங்கை உலர்வாக வைத்திருப்பது என் பொறுப்பு. பதினாறு வருடத்தில் ஒரு குறை சொன்னவர் கிடையாது. நீங்களே விசாரித்துப் பாருங்கள், ஐயா.

அந்தச் சட்டைத் துண்டு எட்டு வருடமாக என் அலமாரியில் இருந்தது. கொலையான மருந்துக்கடைக்காரம்மாவின் சட்டை. கொன்றவனின் ரத்தமும் அதில் பட்டிருந்தது. அது யாருடையது என்று அப்போதைய சோதனைக்குப் பிடிபடவில்லை. ஒரே ஒரு சாட்சியை நம்பி, ஒரு லாரி ஓட்டுநரை ஆயுளுக்கும் உள்ளே போட்டார்கள். இந்த வருடம்தான் மறுசோதனைக்கு உத்தரவு வந்தது.

ஓட்டுநரின் மகள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"அது எங்கப்பா ரத்தம் இல்லன்னு தெரிஞ்சாப் போதும்மா. பத்திரமா இருக்குல்ல?"

"கண்ணு மாதிரி வச்சிருக்கேன், போ" என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். பேச்சுவாக்கில் உத்தரவைப் பற்றிச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"ஏன்க்கா, எட்டு வருஷத்து ரத்தத்துல இன்னுமா டிஎன்ஏ இருக்கும்?"

"காஞ்சு கிடந்தா இருக்கும்டா. உயிரோட இருக்கறப்ப அதைச் சுத்தித் தண்ணி சட்டை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். அதோட பள்ளத்துலகூடத் தண்ணி மூலக்கூறு வரிசை கட்டி நிக்கும். அந்தத் தண்ணிதான் அதை முறுக்குக் குலையாமப் பிடிச்சு வைக்குது. காஞ்சா கொஞ்சம் குறுகிப் படுத்துக்கும், ஆனா சாகாது."

"அப்புறம் ஈரம் பட்டா?"

"அதே தண்ணி கொஞ்சங்கொஞ்சமா அறுத்துடும். பூசணம் வந்தா மிச்சமும் போச்சு."

"ஓ" என்றான். மோர் கேட்டான்.

அந்தக் கொலை நடந்த வாரம் அவன் கையில் கட்டு இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றான். முட்டி, முழங்கை எதுவும் சிராய்க்கவில்லை. உள்ளங்கை மட்டும் கிழிந்திருந்தது. விழுகிறவர்கள் பல விதம்.

மறுநாள் உறையிலிருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்தேன். வெயில் விழும் ஜன்னலோரம் மூன்று வாரம். துணியில் கறுப்பாகப் பூசணம் பூத்ததும் காயவைத்து, பழையபடி மூடி அனுப்பினேன். 'எதுவும் தேறவில்லை' என்று அறிக்கை வந்தது. ஓட்டுநரின் மனு தள்ளுபடியானது. அடுத்த மாதம் அவர் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் என்னம்மா செய்வீர்கள் என்றாள். ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

உறையைத் திறந்தவள் ஒரு நூலை உருவித் தம்பியின் எச்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். அவன் மோர் குடித்த டம்ளரை அன்றைக்கே சுடுதண்ணீர் ஊற்றி மூன்று தரம் கழுவிவிட்டேன். எதற்கு ஒப்பிட வேண்டும்? கூடப் பிறந்தவன், ஐயா. அவன் மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததே இல்லை.