ஓடுதளத்தில் காயவைத்த புல்

தாமோதரன்: ...அந்த பைலட் பொண்ணோட அப்பா வந்தா நீ வாயத் தொறக்காத, அம்சா. நான் பேசிக்கிறேன்.

அம்சவேணி: அதுக்குத்தான் கல்யாணச் சட்டை போட்டுக்கினியா?

தாமோதரன்: பொண்ணப் பறிகுடுத்துட்டு வர்ற மனுசன். லுங்கியோட நிக்க சொல்றியா?

அம்சவேணி: மூணு நாளா நீ தூங்கல. உன் மூஞ்சியே சொல்லிடும்.

தாமோதரன்: இன்னா சொல்லும்? நான் இங்க வாட்ச்மேன். பிளேன் எறங்குச்சு, நிக்கல, பள்ளத்துல போயி கவுந்துச்சு. அவ்ளோதான்... ஸ்... வந்துட்டாரு. வாங்க சார். உக்காருங்க.

நேசமணி: இருக்கட்டும்ப்பா. நான் நேசமணி. ஜெயசீலியோட அப்பா. மாரிகுப்பம் ஸ்டேசன்ல எறங்கி நடந்தே வந்தேன்.

தாமோதரன்: சொல்லியனுப்பிருந்தா வந்திருப்பனே சார்.

நேசமணி: இவ்ளோ சின்னதா இருக்கே, இந்த கிரவுண்டு...

தாமோதரன்: வெள்ளக்காரன் காலத்துது. புல்லுத் தரை. குட்டி பிளேன்தான் எறங்கும்.

நேசமணி: சைக்கிள்ல நாலு தடவ விழுந்தவ. பிளேன்ல விழமாட்டேன், அங்க நாய் குறுக்க வராதும்பா... இப்ப ஆபீசருங்க, பிரேக்க லேட்டா போட்டான்னு எழுதப் போறாங்களாம். அவ தப்பாம்.

தாமோதரன்: கிரவுண்டு... ரொம்ப சின்னது சார்.

அம்சவேணி: தண்ணி குடிக்கிறீங்களா, ஐயா?

நேசமணி: வேணாம்மா. ஒன்னே ஒன்னு கேக்கணும். கடைசில... எதனா பேசுனாளா?

தாமோதரன்: இல்ல சார். நாங்க ஓடிப்போறதுக்குள்ள... கஷ்டப்படல.

நேசமணி: டாக்டரு சொல்றாரு, கால்மணி நேரம் முன்ன கொண்டாந்திருந்தா...ன்னு.

தாமோதரன்: அது... கதவு சிக்கிக்கிச்சு சார்.

அம்சவேணி: சிக்கல.

தாமோதரன்: அம்சா...

அம்சவேணி: நீ சும்மா இரு. ஐயா, பிளேன் வர்றதுக்கு முன்ன புல்ல அறுத்து வெளிய போடணும். அதான் இவரு வேல. நான்தான் எங்க மாட்டுக்குன்னு பிளேன் எறங்குற எடத்துலயே காயவெச்சேன். எங்க ஊட்டாண்டெல்லாம் தங்கச் சுரங்கத்துக் கழிவ கொட்டுன சயனைடு மேட்டுத் தூசி. அது படிஞ்ச புல்ல மாடு தின்னா வயிறு ஊதிப்பூடும். இங்கதான் தூசி வராது.

நேசமணி: புல்லா...

தாமோதரன்: மதியானந்தான் வரும்னாங்க சார். அதுக்குள்ள வாரிடலாம்னு இருந்தோம். காத்தாலயே வந்துடுச்சு. தூறல்ல நனைஞ்ச புல்லு... சக்கரம் வழுக்கிக்கினே போச்சு. அவங்க சரியாத்தான் எறங்குனாங்க.

நேசமணி: அப்ப அவ தப்பில்ல.

அம்சவேணி: இல்லீங்க ஐயா.

நேசமணி: கர்த்தரே... இத ஆபீசர்கிட்ட எழுதிக் குடுப்பியாப்பா?

தாமோதரன்: குடுக்கறேன் சார். வேல போனா போவுது.

நேசமணி: அது போதும்... அது போதும்ப்பா. ஆனா அந்தக் கால்மணி நேரம்... கதவு சிக்கலன்னா...

தாமோதரன்: வேணாம் அம்சா.

அம்சவேணி: 'அக்கா, கை குடுங்க, அக்கா'ன்னு கூப்ட்டுக்கினே இருந்துச்சுங்க. ஆளுங்க வந்து பாக்கறதுக்குள்ள, நாங்க புல்ல வாரிக்கினு இருந்தோம்.