முதல் மணியிலேயே எடுத்துவிடும்

ஃபேக்ஸ் மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, சார். பின்பக்கம் ஒரு கை போகிற அளவுக்காவது இடம் விட வேண்டும். உங்கள் ஸ்டேஷனில் இருப்பதை வந்ததுமே பார்த்தேன். சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒயர் மடங்கிப்போயிருக்கிறது. அடிக்கடி பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுமே? ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் போகும்போது சரிசெய்து தருகிறேன். என்னுடையதை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அது இனிமேல் என் கைக்கு வராது என்று தெரியும்.

இந்த வட்டாரத்து ஆபீஸ்களில் பாதிக்கு மெஷின் மாட்டியவன் நான்தான். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கரண்ட் கொடுக்க வேண்டும், டெலிபோன் ஒயரைச் செருக வேண்டும், பேப்பர் ரோலைப் போட வேண்டும். கடைசியாக ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். மணி அடித்தால் எடுப்பது ஆளா, மெஷினா? ஆள் என்று வைத்தால், போனை எடுத்து ஹலோ ஹலோ என்று கத்துவார்கள். எதிர்ப்பக்கம் கீச்சென்று சத்தம் வந்தால் பட்டென்று வைத்துவிடுவார்கள். அப்புறம் ஃபேக்ஸ் வரவில்லை என்று என் உயிரை வாங்குவார்கள். அதனால் நான் போகிற இடத்திலெல்லாம் மெஷினை 'ஆட்டோ' என்கிற செட்டிங்கில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். முதல் மணியிலேயே மெஷின் எடுத்துவிடும். எனக்கும் தொந்தரவு இல்லை, அவர்களுக்கும் இல்லை.

அந்த ஐஸ்கிரீம் கிடங்குக்கு என்னை அழைத்துப்போனது என் தங்கச்சி. அங்கே சரக்குக் கணக்கு பார்க்கிற வேலை அவளுக்கு. "எங்க அண்ணன் மாட்டினா ஒரு வருஷத்துக்கு அதைத் தொட்டுக்கூடப் பாக்க வேணாம் சார்" என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டாள். வீட்டில் என்னை மதித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கமாட்டாள், வெளியில் மட்டும் இப்படி. என் கம்பளித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். கேட்டால், "நீ வெயில்ல அலையற, உனக்கெதுக்குத் தொப்பி? மண்டையில ஏதாவது இருந்தாத்தானே காப்பாத்தணும்" என்பாள்.

அங்கே குளிர் அறைக்குள் சுவரில் ஒரு போன் உண்டு. ரிசீவரைத் தூக்கினால் நேராக மாடியில் ஆபீஸ் மேஜையிலிருக்கிற போனில் அடிக்கும். வேறெங்கும் பேச முடியாது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கூப்பிடுவதற்காக வைத்தது. வெளியிலிருந்து வருகிற அழைப்பும் அதே மேஜைப் போனுக்குத்தான் வரும். ஃபேக்ஸுக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும் என்றேன். மேனேஜர் கேட்கவில்லை. "இருக்கிற ஒயர்லயே சேத்து மாட்டுங்க தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மாட்டினேன். அவர் சொன்னார், நான் செய்தேன். தயவுசெய்து அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

லாரி எதுவும் வராத ஒரு மதியம் தங்கச்சி உள்ளே போனாள். கதவின் உள்பக்கத்தில் ஒரு தள்ளுகம்பி உண்டு, அதை அழுத்தினால் திறந்துகொள்ளும். அன்று கம்பி பனியில் இறுகிப்போயிருந்தது. அவள் போனைத் தூக்கினாள். ஆபீஸில் டைப்பிஸ்ட் அக்கா இருந்தார், மேஜையிலேயே இருந்தார். ஆனால் மணி அடித்ததுமே மெஷின் எடுத்துவிட்டது. என் தங்கச்சியின் காதில் கீச்சென்று கத்தியது. அவள் வைத்துவிட்டு மறுபடியும் தூக்கியிருக்கிறாள். மறுபடியும் மெஷின். மெஷின் கத்துகிறது, ஆனால் பேப்பர் மட்டும் வரவில்லையே என்று அக்காவுக்கு எரிச்சல். சத்தம் குறையட்டும் என்று ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாராம். சாயங்காலம் கதவைத் திறந்தபோது தங்கச்சி போனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் மடியில் இருந்தது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தாள்.

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். எங்கள் அம்மாவின் காலருகே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மா அவருக்குச் சமாதானம் சொன்னாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் இருந்தது வன்மம்தான், சார். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போதும் இருந்தது, குளிக்கும்போதும் இருந்தது. அவர் அழ அழ எனக்கு அது கூடத்தான் செய்தது.

அதற்குப்பின் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஆபீஸ் மூடுவதற்கு முன்னால் தானே குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளிருந்து போன் செய்வார். அக்கா எடுத்து, "கேக்குது சார்" என்பார். பிறகு கம்பியைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வருவார். தினமும் இதே. ஃபேக்ஸுக்கும் தனி ஒயர் இழுத்துவிட்டார். எல்லாரும் அவரைப் பெரிய மனுஷன் என்றார்கள். எனக்கு நாடகமாகத்தான் பட்டது. செத்தவளுக்கு உதவாத போன் தனக்கு உதவுமா என்று தினமும் சரிபார்த்துக்கொள்கிற ஆளை வேறென்ன சொல்வது?

பழைய மெஷின் பழுதானதும் என்னைத்தான் கூப்பிட்டார். "வேற ஆளைக் கூப்பிட மனசு வரல தம்பி" என்றார். சனிக்கிழமை போனேன். அன்று அவர்களுக்கு அரை நாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். அக்கா கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, மேனேஜரின் போனுக்காகக் காத்திருந்தார். "நீங்க கிளம்புங்கக்கா, மணி அடிச்சா நான் எடுத்துச் சொல்லிடறேன்" என்றேன். அவருக்கும் பஸ் பிடிக்க வேண்டும். மேனேஜர், "தம்பி இருக்காரே, அப்புறமென்ன" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

குளிர் அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் பூட்டு மாட்ட ஒரு வளையம் உண்டு. அதில் என் ஸ்க்ரூடிரைவரைச் செருகினேன். தடிமனான ஸ்க்ரூடிரைவர், அளவாக உட்கார்ந்தது. மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். மேஜையிலிருந்த போனைக் கழற்றிவிட்டு அந்த ஒயரை ஏற்கெனவே புது மெஷினில் செருகி வைத்திருந்தேன். ஆட்டோ. முதல் மணி. லைனில் வருகிற சத்தத்தை வெளியே விடுகிற வசதி அந்த மாடலில் இருக்கிறது, அதையும் போட்டுவிட்டேன்.

முதலில், "தம்பி, கேக்குதா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். மெஷின் கத்தியது. அடுத்த தடவை, "மெஷின் எடுத்துடுது போல தம்பி, ஆட்டோவ எடுத்து விடுங்க" என்றார். நான் பேப்பர் ரோலைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து கதவை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் கத்தினார். அதை அப்படியே சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை மட்டும் குரல் தணிந்து, "தம்பி, உன் தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. என்ன சொல்ல வந்தார் என்று தெரியாது. நிறைவாக இருந்தது, சார். அவள் போனபிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது. பஞ்சு வைத்து மெஷினின் கண்ணாடியைத் துடைத்தேன். சத்தம் நின்றபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒயரை மாற்றிச் செருகிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவரை மட்டும் மறந்துவிட்டேன். தொழிலில் இதுவரை எந்தச் சாமானையும் நான் அப்படி விட்டுவிட்டு வந்ததில்லை.

கொன்றது நான்தான். அதில் சந்தேகமே வேண்டாம், எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் டைப்பிஸ்ட் அக்கா சொன்னதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். முதல் தடவை மாட்டியபோது, மணி அடித்தால் ஆள் எடுக்கிற மாதிரி வைக்கும்படி மேனேஜர் சொன்னாராம். உள்ளே போன் இருக்கிறது, ஜாக்கிரதை என்றாராம். நானும் தலையாட்டினேனாம். இருக்கலாம். எல்லாரும்தான் ஆயிரம் சொல்வார்கள், எல்லா இடத்திலும் நான் ஒரே மாதிரிதான் வைப்பேன்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். தங்கச்சி உள்ளே இருந்த அந்த மதியம், மேனேஜருடைய அறையிலிருக்கிற போனிலிருந்து அக்கா என் கடைக்குக் கூப்பிட்டாராம். மெஷின் விடாமல் கத்துகிறது, பேப்பர் வரவில்லை, வந்து பாருங்கள் என்றாராம். கூப்பிட்டது உண்மைதான். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி எத்தனை போன் வரும், சார்? எல்லாரிடமும் சொல்வதைத்தான் அக்காவிடமும் சொன்னேன். "யாரோ ராங் நம்பர் போடறாங்கக்கா. எதையும் தொடாதீங்க. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்" என்றேன்.

நான் சொன்னதில் என்ன தப்பு? தானாகத்தானே நின்றது.