உள்தாழ்ப்பாள்

— கதவத் தெறடா முத்தமிழ். ஊரே வாசல்ல நிக்குது. பெரியப்பன் சொல்றேன், தெற.

— தெறக்க மாட்டேன் பெரியப்பா. மொதல்ல ரோட்டுல குறுக்க போட்டிருக்கிற டிராக்டர எடுக்கச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ் அந்தாண்டயே நிக்குது. மூட்ட தூக்குற லக்கன் இங்க உள்ள மண்டை ஒடஞ்சு கெடக்கான். துணிய வச்சுக் கட்டியும் ரத்தம் நிக்கல.

— எம் பேத்தி எங்கன்னு அவன் சொல்லட்டும், டிராக்டரு தானா நவுரும். காலையில பஸ் ஸ்டாப்புல மஞ்சு கையில பிஸ்கட்டு குடுத்தவன் இவன்தான். பாத்தவங்க இருக்காங்க. அப்பறந்தான் புள்ளையக் காணோம்.

— பிஸ்கட் குடுத்தேன்னு அவனே சொல்றான், மறைக்கல. ஊர்ல அவனுக்கும் அதே வயசுல ஒண்ணு இருக்காம்.

— ஓகோ, அவன் பாஷை உனக்குப் புரியுது! கேட்டியா, பட்டாளத்துக்கு அனுப்புனது நாட்டக் காப்பாத்த. நீ என்னடான்னா இந்தி பேசக் கத்துக்கிட்டு வந்து புள்ள புடிக்கிறவனக் காப்பாத்துற.

— புள்ள புடிக்கிறவன்னு யாரு சொன்னா?

— வீடியோ வந்துச்சு. எல்லார் போனுக்கும் வந்துச்சு.

— அது நம்ம ஊரே இல்ல பெரியப்பா. அதுல போற பஸ்ஸப் பாருங்க. நம்ம பக்கம் ஓடுற பஸ்ஸா அது?

— வீடியோ கெடக்குது, வுடு. சிமெண்ட் ஆலைக்கு இவனுங்க மூட்ட தூக்க வந்தப்பறந்தானடா அரியலூர்ல திருட்டு, வெட்டுக்குத்து எல்லாம்? அதுக்கு முன்ன கதவச் சாத்தாமத் தூங்குன ஊருடா இது.

— கீழப்பழுவூர் ரோட்டுல டீச்சரம்மா கழுத்துச் சங்கிலிய அறுத்தது யாரு? பேரச் சொல்லவா? உங்க பக்கத்துல கம்போட நிக்கிறானே, அவன் மச்சான்.

— சரிடா, அதையும் வுடு. உன்னையே எடுத்துக்க. நாலு வருசம் பனியில நின்ன. போதும், கெளம்புன்னு அனுப்பிட்டான். பென்சன் கெடையாது. பீரங்கி வாங்க, விமானம் வாங்கக் கோடி கோடியா இருக்கு, நின்ன மனுசனுக்குக் குடுக்க இல்ல. இந்த நாலு வருசப் பட்டாளத் திட்டத்துக்குக் கைதட்டி ஓட்டுப் போட்டவன் எவன்? இவனுங்க ஊர்க்காரன். இப்ப தலைய எண்ணி எம்.பி. சீட்டையும் அவனுங்களுக்கே அள்ளிக் குடுக்கப் போறாங்களாம். வரியக் கட்டுறது நாம, ஆளுறது அவன்.

— அதுல பாதி நானும் பேசுறதுதான். எனக்கில்லாத கோவமா? ஆனா பெரியப்பா, இவன் தம்பியும் என்ன மாதிரியே நாலு வருசத்துல வூட்டுக்கு வந்தவன். அவன் வேல இல்லாம குந்தியிருக்கான்னுதான் இவன் இவ்ளோ தூரம் வந்து மூட்ட தூக்குறான். டெல்லி மேல இருக்கிற கோவத்துக்கு இவன் மண்டைதான் கெடச்சுதா?

— ஓடப் பாத்தான். ஒரு தட்டு தட்டுனதுதான்டா.

— தட்டுனதுல காது வழியா ரத்தம் வருது. வண்டிய வுடச் சொல்லுங்க.

— மாமா, கொஞ்சம் நவுருங்க. என்ன உள்ள வுடுங்க.

— வா பஞ்சவர்ணம், நல்ல நேரத்துல வந்த. நீயே கேளு உம் மவன. எந் தம்பி போனப்பறம் உங்க வூட்டத் தாங்குனது யாருன்னு அவனுக்கு ஞாபகப்படுத்து.

— தம்பி, அம்மாடா. சொம்புல தண்ணி கொண்டாந்திருக்கேன். எனக்கு மட்டும் தெற சாமி.

— அவங்க எல்லாம் வாசல வுட்டுத் தள்ளிப் போகட்டும்மா.

— போங்கடா பின்னால! ம்... போயிட்டாங்க. அவள வுடு உள்ள.

— சீக்கிரம் வாம்மா. தாழ்ப்பாளப் போடு.

— ஐயோ சாமி... என்ன அக்கா அக்கான்னு கூப்புடுற புள்ளையாச்சே இது.

— தலையத் தூக்காதம்மா. மெதுவா மடியில வச்சுக்க.

— வாயத் தொறய்யா. ஒரு வாய். தம்பி, நீ அவன் பாஷையில சொல்லுடா...

— அலோ... ஆங், அப்பாதான், சொல்லு புவனேஸ்வரி. அழுவாம சொல்லும்மா... யாரு? உங் கொழுந்தன் சக்தியா? பெரம்பலூருக்கா? மஞ்சுவுக்குச் செருப்பு வாங்கவா? ஏம்மா, உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போவக் கூடாதா அவன்... சரி. புள்ள நல்லா இருக்குல்ல? சரி, போன வை.

— பெரியப்பா? என்னவாம்?

— புள்ள கெடச்சிருச்சுடா. அவ சித்தப்பன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். டேய், எடுங்கடா டிராக்டர! எடுங்கடாங்கறேன்! ஆம்புலன்ஸ உள்ள வுடுங்க. தம்பி, நானும் கூட ஆஸ்பத்திரிக்கு வரேன். தெற சாமி.

— தம்பி, அவன் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாருடா.

— முத்தமிழ்?

— ஆம்புலன்ஸ் வேணாம் பெரியப்பா. போலீஸ வரச் சொல்லுங்க.

— என்னடா சொல்ற?

— மூச்சு நின்னுருச்சு. அம்மா ஊத்துன தண்ணி அப்படியே வாயோரமா வழிஞ்சிருச்சு.

— இல்லடா. ஒரு தட்டுடா. புள்ளையக் காணோம்னு கண்ணு தெரியாம...

— வேற என்ன சொல்றது நான்? செத்துட்டான்.

— தம்பி, இரு. கேளு. கூட்டத்துல யாரு கை பட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஊரு ஒரே வாயா தெரியாதுன்னுதான் சொல்லும். நீ ஒருத்தன்தான் மாத்திப் பேசுவ. ஆனா நீ ஓடி வரதுக்கு முன்னாடியே எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு. நீ பாக்கலல்ல? பாக்காததை எப்படிடா சொல்லுவ?

— பாக்கல. உங்க கையில ரத்தம் இருந்துச்சு, அதத்தான் பாத்தேன்.

— அவனத் தூக்கி வுட்டப்ப ரத்தம் பட்டுச்சுன்னு சொன்னா ஆச்சு. பஞ்சவர்ணம், நீ புரிய வையி அவனுக்கு. நாளைக்கு நான் இல்லன்னா உங்க ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா?

— யாரும் இல்லங்க மாமா.

— அதத்தான் சொல்றேன். சொல்லும்மா அவன்கிட்ட.

— அவன் பாக்காதது நெசந்தான் மாமா. இந்தப் புள்ள ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நின்னுச்சு. நீங்க கட்டைய ஓங்குனத நான் பாத்தேன்.