மஞ்சள் சட்டைக்காரர் விளையாடி முடிச்சிட்டினம்

சண்முகலிங்கம்: ...அதைக் கேக்கேல்லை மச்சான். பிரசங்கம் நல்லம், பாட்டு நல்லம், முடிய கேக்கும் தந்தவை. எல்லாம் விளங்கிச்சுது. வந்த காரிலை ரேடியோ இருந்ததோ எண்டுதான் கேட்டனான்.

ஜெயசிங்கம்: கார் எண்டால் ரேடியோ இருக்குந்தானே.

சண்முகலிங்கம்: போட்டவரோ?

ஜெயசிங்கம்: ஆர்?

சண்முகலிங்கம்: சேர்ச்சிலையிருந்து உன்னைக் கொண்டுவந்து இறக்கின டேனிஷ்காரர். வேறை ஆர்? பின்சீற்றிலை பரிசுத்த ஆவியோ இருந்தது?

ஜெயசிங்கம்: பெந்தெகொஸ்தே நாளிலை உப்பிடிப் பகிடி விடாதை.

சண்முகலிங்கம்: சரி, விடேல்லை. ரேடியோ?

ஜெயசிங்கம்: ஏதோ போய்க்கொண்டிருந்தது. நான்... கண் அயந்திட்டன்.

சண்முகலிங்கம்: சில்க்போர்க்கிலையிருந்து இஞ்சை வாற தூரத்துக்கையோ? நீ கட்டிலிலை படுத்தாலே விடியுமட்டும் உருளுற ஆள்.

ஜெயசிங்கம்: களைப்பு மச்சான்... ஏன், உன்ரை ரேடியோவுக்கு என்ன நடந்தது?

சண்முகலிங்கம்: பற்றரி செத்துப்போச்சு. இண்டைக்கு ஞாயிறு, கடையெல்லாம் பூட்டு. நாளைக்கும் உங்கடை பெந்தெகொஸ்தேயாலை பூட்டாம். கீழை டி.வி.யிலை ஒரு பாதிரியார் விடாமல் கதைச்சுக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தைப் பற்றி அந்தோனிதாசனைக் கேட்டன். கொவென்ட்ரி வெல்லாது, பயப்பிடாதை எண்டு சொல்லிப்போட்டுக் குளத்தடிக்குப் போட்டான். நான் காலமையிலையிருந்து இந்த ஜன்னலுக்கை நிண்டு உன்னைப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

ஜெயசிங்கம்: சாப்பிட்டனியோ? இந்தா, உனக்கும் கேக் துண்டு சுத்திக்கொண்டு வந்தனான்.

சண்முகலிங்கம்: கதையை மாத்தாதை. இங்கிலண்ட் பந்தாட்டத்திலை இண்டைக்குக் கொவென்ட்ரிக்கு எவர்ட்டனோடை கடைசி ஆட்டம். முதலாம் பிரிவிலையிருந்து மூண்டு கிளப் கீழை போகவேணும். இரண்டு ஏற்கெனவே போயிட்டுது. கொவென்ட்ரி இண்டைக்கு வெண்டால் மூண்டாவதாப் போறது நோரிச். வெல்லாட்டில் நோரிச் தப்பும்.

ஜெயசிங்கம்: உந்த நோரிச் எண்டது மஞ்சள் சட்டையெல்லே?

சண்முகலிங்கம்: ஓம். அந்த ஊரிலை முந்தி வீட்டுக்கு வீடு மஞ்சள் குருவி வளத்தவையாம். அதாலை மஞ்சள்.

ஜெயசிங்கம்: அப்ப அவை ஏன் பேசாமல் இருக்கினம்? தாங்களும் ஒரு ஆட்டம் ஆடி வெல்லலாந்தானே?

சண்முகலிங்கம்: எத்தினை தரம் சொல்லுறது? அவை எல்லா ஆட்டமும் விளையாடி முடிச்சிட்டினம். மாரிக்கை பிற்போட்ட ஆட்டங்கள் கொவென்ட்ரிக்குத்தான் மிச்சம் கிடந்தது. மஞ்சள்காரர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, மற்றவை என்ன செய்யினமெண்டு வீட்டிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கினம்.

ஜெயசிங்கம்: எங்களைப் போலை.

சண்முகலிங்கம்: எங்களைப் போலைதான். அகதிக் கேசுக்குச் சொல்லவேண்டியதெல்லாம் பொலிசுக்குச் சொல்லி முடிச்சாச்சு. இனி ஆரோ எங்கையோ இருந்து முடிவெடுக்க, நாங்கள் ரெட் குரொஸ்காரற்றை உருளைக்கிழங்கைத் திண்டுகொண்டு இருக்கிறம்.

ஜெயசிங்கம்: அவை கப் ஒண்டும் தூக்கினவையெல்லே. கப் தூக்கினவையை எப்பிடிக் கீழை இறக்கிறது?

சண்முகலிங்கம்: கப் வேறை, லீக் வேறை. பார், இப்ப நீயாக் கேக்கிறாய். மாரிக்கை சனிக்கிழமை சனிக்கிழமை இங்கிலண்ட் ஆட்டம் போடேக்கை, நாங்கள் டி.வி.க்கு முன்னாலை இருந்து ஆளுக்கொரு கிளப் எடுத்தம். நீ வேதத்தைத் தூக்கிக்கொண்டு மேலை போனனி.

ஜெயசிங்கம்: ஆண்டவரைச் சோதிக்கப்படாது. கிளப் நிண்டால் நானும் இந்த நாட்டிலை நிப்பன், கிளப் விழுந்தால் என்னையும் திருப்பி அனுப்புவாங்கள்... இதென்ன விசர்க் கணக்கு?

சண்முகலிங்கம்: விசரோ? குணசேகரம் ஸ்டோக்கை எடுத்தவன். எல்லாருக்கும் முதல் விழுந்தது ஸ்டோக். அடுத்த கிழமையே அவனுக்கு விசா ஏலாதெண்டு சொல்லிப்போட்டாங்கள். அந்தோனிதாசன் எடுத்தது எவர்ட்டன். எவர்ட்டன் சாம்பியன், அவனுக்கு விசா.

ஜெயசிங்கம்: எவர்ட்டன் சாம்பியன் ஆனது முந்தியோ, அவன்ரை விசா முந்தியோ?

சண்முகலிங்கம்: ...விசா முந்தி.

ஜெயசிங்கம்: பாத்தியோ.

சண்முகலிங்கம்: அப்புக்காத்து மாதிரிக் கதைக்காதை. நீ பொலிசிட்டையும் உப்பிடிக் கதைச்சிருந்தாயெண்டால்...

ஜெயசிங்கம்: நீ சொன்ன மாதிரித்தான் நானும் சொன்னனான். ஒரே ரயிலிலை வந்தனாங்கள். ஒரே நாளிலைதான் கூப்பிட்டு விசாரிச்சவங்கள். பதிலும் ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான் வரும்.

சண்முகலிங்கம்: ...ஓம். வரும்.

ஜெயசிங்கம்: ஏன் இழுக்கிறாய்?

சண்முகலிங்கம்: இல்லை... புஷ்பராணி என்னவாம்? போன கிழமை ரெலிபோன் எடுத்தனியெல்லே.

ஜெயசிங்கம்: பெடியன் நடக்கத் துடங்கிட்டானாம். என்னைப் பாத்தால் அவனுக்கு அப்பனெண்டு தெரியாது. இவள் பெட்டியும் அடுக்கி வைச்சிட்டாள். எனக்கு விசா கிடைச்ச கையோடை தாங்கள் வெளிக்கிட வேண்டியதுதானாம். எனக்கு வாய் வரேல்லை மச்சான். கொஞ்சம் பொறு எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

சண்முகலிங்கம்: ஜெயா.

ஜெயசிங்கம்: என்ன?

சண்முகலிங்கம்: எத்தினைக்கு எத்தினை?

ஜெயசிங்கம்: நித்திரை எண்டனெல்லே.

சண்முகலிங்கம்: நித்திரை எண்டாய். தெரியாது எண்டு சொல்ல உனக்கு வாய் வருகுதில்லை. கேக் தாறாய். வந்ததிலையிருந்து செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி மெல்லக் கதைக்கிறாய். பொய் சொல்லத் தெரியாட்டில் ஏன்ராப்பா வெளிக்கிடுறாய்?

ஜெயசிங்கம்: கேட்டால் நீ இடிஞ்சுபோவாய்.

சண்முகலிங்கம்: வெண்டிட்டினமோ?

ஜெயசிங்கம்: முதல்லை இந்தக் கேக்கைத் தின்.

சண்முகலிங்கம்: சொல்லு மச்சான்.

ஜெயசிங்கம்: நாலுக்கு ஒண்டு.

சண்முகலிங்கம்: எவர்ட்டனையோ? சாம்பியனைக் கொவென்ட்ரி நாலுக்கு ஒண்டெண்டு அடிச்சதோ?

ஜெயசிங்கம்: எவர்ட்டனுக்கு என்ன, அவைக்குச் சாம்பியன் பட்டம் எப்பவோ கிடைச்சிட்டுது. காலைத் தூக்கவும் பஞ்சியாக்கும். ரேடியோவிலை சொன்ன உடனை டேனிஷ்காரர் ஸ்டியறிங்கிலை தட்டிச் சிரிச்சவர். எனக்குச் சிரிப்பு வரேல்லை. வழி முழுக்க உன்ரை முகத்தைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான்.

சண்முகலிங்கம்: அப்ப மஞ்சள்...

ஜெயசிங்கம்: கீழை.

சண்முகலிங்கம்: பாவங்கள். பந்திலை கால்கூட வைக்கேலாமல் வீட்டிலை இருந்து விழுந்தினம்.

ஜெயசிங்கம்: இஞ்சை பார், மச்சான். என்னைப் பார். ஒரு பந்து வலைக்கை போறதுக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொப்பன்ஹேகனிலை இருந்து எங்கடை கேசைப் பாக்கிறவன் நோரிச்சை நினைச்சுக்கொண்டோ கையெழுத்து வைக்கப் போறான்?

சண்முகலிங்கம்: உண்மையா அப்பிடி நம்புறியோ?

ஜெயசிங்கம்: நம்புறன்.

சண்முகலிங்கம்: எனக்கு ஆறுதலுக்குச் சொல்லேல்லையே?

ஜெயசிங்கம்: இல்லை.

சண்முகலிங்கம்: உனக்கு நடந்திருந்தாலும் இதைத்தான் சொல்லுவியோ?

ஜெயசிங்கம்: இதைத்தான் சொல்லுவன்.

சண்முகலிங்கம்: சத்தியமா?

ஜெயசிங்கம்: நான் சத்தியம் பண்ணுறேல்லையெண்டு உனக்குத் தெரியுந்தானே. ஓமெண்டால் ஓம்.

சண்முகலிங்கம்: மனம் கலங்கமாட்டாய்?

ஜெயசிங்கம்: நான் ஏன் கலங்கவேணும்? விழுந்தது உன்ரை கிளப்.

சண்முகலிங்கம்: அது என்ரை கிளப் இல்லை, ஜெயா. நீ எடுக்கமாட்டனெண்டு மேலை போனாப்போலை, உனக்கெண்டு நான் எடுத்தது. எனக்கு... வெள்ளிக்கிழமையே ஒபிசிலை கூப்பிட்டு, நீ இந்த நாட்டிலை இருக்கலாமெண்டு சொல்லிப்போட்டினம். உன்னைப் பற்றியும் கேட்டனான், இன்னும் ஒண்டும் வரேல்லையாம். பெட்டி அடுக்கி வைச்சிருக்கிறவளின்ரை புருசனிட்டை இதை எப்பிடிச் சொல்லுறது? மஞ்சள் தப்பினால் அந்தத் துணிவிலை சொல்லுவமெண்டு இருந்தனான்.