வெஞ்சனத்தை அழித்தது யார்?

பழனி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு தோழிகள். மடியில் லேப்டாப் வைத்திருந்தவள் சொன்னாள்: “நேத்தும் யாரோ வெஞ்சனத்தை அழிச்சுட்டாங்கடி.”

கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்புக்காக ஆளாளுக்கு வார்த்தை சேர்க்கிற இணைய அகராதி. அந்த அகராதியை உருவாக்கியவள் லேப்டாப்காரி; வெஞ்சனம் அதில் அவள் சேர்த்த வார்த்தை.

“மெஷினுக்குத் ‘தொடுகறி’ன்னு நல்ல தமிழ் போதாதா? பட்டிக்காட்டு வார்த்தை எதுக்குடி?” என்றாள் மற்றவள்.

“எங்கம்மா ‘சோத்துக்கு என்ன வெஞ்சனம்’னுதான் கேக்கும். அது மெஷினுக்குப் புரிய வேணாமா? அதான் பக்கத்தையே மாத்திட்டேன். நாளையிலிருந்து யாரு அழிச்சாலும் பேரு தெரியும்.”

“முன்னாடி அழிச்சதுக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

பஸ் செம்பட்டியைத் தாண்டியது. பிறகு மற்றவள் மெதுவாகக் கை நீட்டினாள்.

“லேப்டாப்பைச் செத்த குடுடி. நானே திரும்பப் போட்டுடுறேன்.”