எங்கள் மூக்கை இரவல் வாங்கிய அக்காவுக்கு

கல்லும் கரடும் சிமெண்டுச் சில்லும் கலந்து கிடந்த கட்டாந்தரையைக் கனிய வைத்த கைகளுக்குச் சொந்தக்காரரே! மருந்து நெடிக்கு நடுவே மண்ணை வளர்த்த மாண்பாளரே! கோபம் வந்தால் கூடையைத் தூக்கி எறிவீர்களே தவிர, எங்களை ஒருநாளும் எடுத்தெறிந்து பேசாத பண்பாளரே! எங்கள் மருத்துவமனையின் தோட்டப் பொறுப்பாளராகிய அருமை அக்கா அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களை, சமையலறை முதல் கணக்குப் பிரிவு வரையிலான நாங்கள் அனைவரும் நெஞ்சம் நெகிழ வணங்குகிறோம்.

புதிய கட்டடம் எழும்பியபோது மிஞ்சிய இடிபாடெல்லாம் பின்புறத்தில்தான் கொட்டப்பட்டது. கடப்பாரையே துள்ளித் திரும்பிய அந்தத் தரையில் ஜிப்சத்தையும் பாறைத்தூளையும் தூவி, உதிர்ந்த இலையையும் வைக்கோலையும் கனமாகப் பரப்பி மூடாக்கு இட்டீர்கள். "மண்ண அம்மணமா விடாதீங்கப்பா!" என்று துப்புரவுப் பணியாளர்களின் துடைப்பத்தோடு தாங்கள் நடத்திய போர் கொஞ்சமா நஞ்சமா! சமையல்காரர் ஆசை ஆசையாக ஒரு வாளி சாம்பல் கொண்டுவந்தபோது, "சிமெண்டு விழுந்த மண்ணுண்ணே, ஏற்கெனவே சுண்ணாம்பு ஏறிக் கெடக்கு. இதையும் போட்டா செடி தாங்காது" என்று முகம் கோணாமல் திருப்பி அனுப்பினீர்கள். அவர் முகம்தான் இரண்டு நாள் கோணியிருந்தது.

இனிச் சொல்லப்போவதை மேலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். ஓய்வு ஆணையில் கையெழுத்து விழட்டும் என்றுதான் இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

பணிக்கு வந்த மறு ஆண்டே ஒரு காய்ச்சல் தங்கள் முகரும் திறனை அடியோடு கொண்டுபோனது. உரத்துக்காகப் போட்ட பச்சைப்புல் குவியல் அழுகி, வார்டே மூக்கைப் பொத்திக்கொண்ட நாளில், தாங்கள் மட்டும் அதை வெறுங்கையால் சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?" என்று செவிலியர் கேட்டதும், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "எந்த வாசமும் தெரியலம்மா. உரத்தோட பக்குவத்த மோந்துதானே பாக்கணும்! வெளிய சொல்லிடாதீங்க, வேலைய விட்டு அனுப்பிடுவாங்க" என்றீர்கள்.

அன்று முதல் நாங்களே தங்களுக்கு மூக்கானோம். தேநீர் வேளையில் ஆளுக்கொரு பிடி மண்! கோப்புகளின் தூசியைத் தவிர வேறெதையும் முகர்ந்தறியாத கணக்கர், "புளிச்ச மாவு மாதிரி இருக்குக்கா" என்றால், குவியலைப் புரட்டிக் காய்ந்த சருகு சேர்ப்பீர்கள். "அழுகின முட்டைக்கா!" என்று ஓட்டுநர் அலறினால், தேங்கிய நீர் வடிய வழி வெட்டுவீர்கள். அப்படித்தான் அந்தத் தரை கறுத்தது, பொலபொலத்தது, மண்புழுவும் குடியேறியது.

ஆனால் அக்கா, தாங்கள் உருவாக்கிய மண்ணைத் தாங்களே ஒருமுறையும் முகர்ந்ததில்லை. சென்ற வாரம் ஒரு பிடி அள்ளி வைத்துக்கொண்டு, "நெசமாவே நல்ல வாசமா? இல்ல, என் மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் சேந்து சொல்றீங்களா?" என்று கேட்டீர்கள். சத்தியம் செய்தும் தங்கள் முகம் தெளியவில்லை.

ஆகவே தங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தோம். நேற்று ஒரு பெரியவர் கண் சிகிச்சைக்காகச் சேர்ந்தார். தங்களைத் தெரியாது, இங்கே தோட்டம் இருப்பதும் தெரியாது. இரு கண்ணிலும் கட்டு. செவிலியர் ஒரு கிண்ணத்தில் தங்கள் மண்ணை எடுத்து, லேசாக நீர் தெளித்து, அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பெரியவர் மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"ஏம்மா, மழை பிடிச்சிருச்சா? அந்த ஜன்னலத் திறந்து விடும்மா" என்றார்.

தங்கள் மனம் நோகாமல் பேசவேண்டிய தேவை அவருக்கு இல்லை, அக்கா! நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். மண்ணில் மண்டியிட்டே தேய்ந்த முழங்காலின் வலி முற்றும் நீங்கி, மனமும் உடலும் தெம்பாய், பல்லாண்டு நலமோடு இருங்கள்!

என்றும் தங்கள் அன்பில்,
மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும்