பத்துக்கு எத்தனை

எனக்கு ஊசி என்றாலே பயம், ஐயா. அடுத்தவர் எனக்குப் போட்டால்தான். நான் அடுத்தவருக்குப் போடும்போது கை நடுங்கியதே கிடையாது.

நான் மயக்க மருந்து டாக்டர் என்பதால் எங்கள் அறுவை டாக்டர் என்னை ‘மயக்கம்’ என்றுதான் கூப்பிடுவார். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் பிறகு வலி தெரியாமலிருக்க, காயத்தின் ஓரமெல்லாம் மரப்பு மருந்தைக் குத்திவிடுவார். அவர் முறை அவ்வளவுதான். என்னுடையது நுணுக்கமானது. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே இடுப்புக்கு மேலே ஊசியை இறக்கி, இரண்டு தசைகளுக்கு நடுவில் மருந்தைச் செலுத்த வேண்டும். திரையில் அந்த இடம் மெல்ல விரிவதைப் பார்த்தால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

“மயக்கம், எதுக்குப்பா இந்தப் படம் காட்டற வேலையெல்லாம்? நாலு குத்து குத்தினா முடிஞ்சுது” என்பார்.

சரி, ஒப்பிட்டே பார்ப்போம் என்றேன். நோயாளிகளிடம் சம்மதம் வாங்கி, யாருக்கு எந்த முறை என்று சீட்டு குலுக்கினோம். மறுநாள் காலையில் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்போம். முதல் மாதத்தில் இரண்டும் சமமாக வந்தன. சமம்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் இருவர் ஊசியிலும் மருந்தை ஏற்றி வைப்பது என் வேலை. இரண்டாம் மாதத்திலிருந்து அவருடைய ஊசியில் உப்புத்தண்ணீரை ஏற்றினேன். அதுவும் நிறமில்லாததுதான்.

அதன் பிறகு வந்த காலைகளை எப்படிச் சொல்வேன்! அவர் நோயாளிகள் எட்டு என்றார்கள், ஒன்பது என்றார்கள். என்னுடையவர்கள் இரண்டு, மூன்று என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நான் வராந்தாவில் சீட்டியடித்துக்கொண்டு நடந்தேன். என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணைச் சொன்னவுடனே வலிக்கு வேறு மருந்து கொடுக்கச் சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் என் தங்கைக்குக் குடலில் அடைப்பு, அறுவை செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். சீட்டில் டாக்டரின் முறை விழுந்தது. நிஜ மருந்து என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். கூடப்பிறந்தவள் என்று சலுகை காட்டினால் அது என்ன ஆய்வு? உப்புத்தண்ணீரையே ஏற்றினேன்.

காலையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

“அண்ணா, உயிர் போகுது. உங்க ஊசியையே போட்டிருக்கலாமே.”

“பத்துக்கு எத்தனைம்மா?”

“பத்துண்ணா.”

அதுவரை யாரும் பத்து சொன்னதில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

டாக்டர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“என் முறை இனிமே வேணாம்ப்பா. உன் தங்கச்சியை வதைச்சுட்டேன்.”

தோளில் தட்டி ஆறுதல் சொன்னேன்; ஆனால் ஆய்வு முடியும்வரை சீட்டில் விழும் முறையைத்தான் போட வேண்டும் என்றேன். பாவம், நல்ல மனுஷன்.

அதோடு நின்றிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளன் கண்ணாடிக் குப்பி உடைந்ததில் விரலை அறுத்துக்கொண்டான். தையல் போட வேண்டும். டாக்டருக்காக நான் ஏற்றி வைத்திருந்த ஊசியை எடுத்து நர்ஸ் அவன் விரலில் போட்டுவிட்டார். பிறகு தையல் ஊசி பட்டதும் அவன் போட்ட அலறலில் நான்கு மாடியும் திரும்பிப் பார்த்தது. ஊசியில் மிச்சமிருந்ததைச் சோதித்தார்கள். பிறகு என்னைத் தேடி வந்தார்கள்.

தங்கை இப்போது என்னிடம் பேசுவதில்லை. அதுதான் புரியவில்லை. டாக்டரின் ஊசிகளில் தண்ணீரை ஏற்றியவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொந்தத் தங்கை என்று பாரபட்சம் பார்த்தேன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது.